ஷட்டர் ஸ்பிரிங்கும் நமது பட்டயமும்



மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்க, ஆனா நம்ம பசங்களுக்குப் பயன்படணும்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். விண்வெளி ஆராய்ச்சி பற்றியும் கணினி யுகம் பற்றியும் அழகாக எழுதக் கூடியவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கடை ஷட்டர். அதிலும் மேல் பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஸ்பிரிங்.

"ஸ்பிரிங் உடைஞ்சா ஷட்டர்காரரைக் கூப்பிடுவாங்க, அவரு வந்து மாத்திட்டுப் போவாரு. இதுல கட்டுரை எழுத என்னடா இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது நண்பர்களே. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றுவது எடுபிடி வேலை அல்ல. கணக்கும் கைப்பழக்கமும் சேர்ந்தால்தான் ஒழுங்காக நடக்கும் பொறியியல் வேலை அது. கைப்பழக்கம் தெருவில் இருக்கிறது. கணக்கு நம் நோட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. அதனால் கஷ்டப்படுவது ஏழைப் பிள்ளைகளின் கைகளும் விரல்களும்தான். இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியவர்கள் டிப்ளமோ படிக்கும் நாம்தான்.

ஒற்றைக் கையால் தூக்குவது எதை?

மதுரையில் மாசி வீதிகளிலோ கீழவாசலிலோ காலையில் கடை திறக்கும் நேரத்தில் நின்று பாருங்கள். ஒல்லியான பையன் ஒருவன் குனிந்து பூட்டைத் திறப்பான். கீழ்த் தகட்டில் கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பான். கடகடவென்று சத்தத்தோடு ஷட்டர் மேலே போய்ச் சுருண்டுகொள்ளும். அவன் தூக்கியது எவ்வளவு எடை என்று நாம் என்றைக்காவது கணக்குப் போட்டதுண்டா?

போட்டுப் பார்ப்போம். மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்று சாதாரணக் கடை ஷட்டரையே எடுத்துக்கொள்வோம். பரப்பு 7.5 சதுர மீட்டர். பட்டையின் தகடு 1.25 மி.மீ. கனம். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. அப்படியானால் சமதளத் தகடே சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 9.8 கிலோ வரும். பட்டைகளை வளைத்து, ஓரத்தை மடித்து, ஒன்றோடொன்று கோத்திருப்பதால் இன்னும் கூடும். சதுர மீட்டருக்கு 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 கிலோ! அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் என் அப்பாவே 90 கிலோவை ஒற்றைக் கையால் தூக்க மாட்டார்.

பையன் தூக்கவில்லை. ஸ்பிரிங் தூக்குகிறது. மேலே இரண்டு பக்கமும் பிராக்கெட்டில் ஒரு பைப்பை யூ போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தப் பைப் சுற்றாது. அதன்மேல் வார்ப்பிரும்புப் புல்லிகள் சுற்றும். பட்டைகளின் மேல் நுனி புல்லியோடு சேர்ந்திருக்கும். பைப்புக்கும் புல்லிக்கும் நடுவில் சுருள் ஸ்பிரிங். ஒரு முனை பைப்பில், மறு முனை புல்லியில். ஷட்டரை இறக்கும்போது புல்லி சுற்றி ஸ்பிரிங்கை முறுக்குகிறது. ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து எடையைத் தூக்கிக் கொடுக்கிறது. நாம் கொடுப்பது உராய்வைத் தாண்டுவதற்கான சின்ன இழுப்பு மட்டும்தான்.

நல்ல ஷட்டருக்கு அடையாளம், பாதி வழியில் கையை விட்டால் ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நிற்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக் குறிப்பு கேட்பதும் இதைத்தான். ஷட்டர்களுக்கென்றே ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது கடைக்காரருக்கும் தெரியாது, ஷட்டர் வேலை பார்ப்பவருக்கும் தெரியாது.

இப்போது அந்த ஸ்பிரிங்குக்குள் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். 90 கிலோ எடையின் புவியீர்ப்பு மையம் ஏறத்தாழ 1.25 மீட்டர் மேலே ஏறுகிறது. பெருக்கினால் சுமார் 1,100 ஜூல். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை ஏழு அடிக்கு மேலிருந்து விழுந்தால் வரும் அடி இது. ஷட்டர் மூடியிருக்கும்போதெல்லாம் இந்த அடி நம் தலைக்கு மேலே சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் உடைந்தால் 90 கிலோவும் தூக்குபவர் கையில் வந்து இறங்கும். இறுக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைத் தெரியாமல் அவிழ்த்தால் அத்தனை ஜூலும் அவிழ்ப்பவர் மேல் பாயும்.

மாமாவின் கைப்பழக்கம்

என் தாய்மாமா இருபத்தைந்து வருஷமாக ஷட்டர் வேலை பார்க்கிறார். எட்டாவதோடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி உள்ளே வந்தவன் நான் ஒருவன்தான். லீவு நாட்களில் அவரோடு போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். அதனால் அவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

போனவுடன் அவர் எதையும் கழற்ற மாட்டார். முதலில் கேட்பது, "எப்ப போட்ட ஸ்பிரிங்குண்ணே? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏத்தி எறக்குறீங்க?" அடுத்து மூன்று பேரைச் சேர்த்து ஷட்டரை முழுசாக மேலே ஏற்றி, கீழே முட்டுக் கொடுத்து, சுருண்ட பட்டையைக் கயிற்றால் கட்டுவார். முழுதும் ஏறிய நிலையில்தான் ஸ்பிரிங்கில் முறுக்கு மிகக் குறைவு. ஆனால் முறுக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் மாட்டும்போதே வைத்த முன்முறுக்கு அதில் இருக்கும். அதனால் பைப்பைப் பெரிய பைப் ரெஞ்சால் பிடித்துக்கொண்டு, யூ போல்ட்டை ஒரேயடியாகக் கழற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சுற்றுச் சுற்றாக முறுக்கை விடுவார். எத்தனை சுற்று விட்டோம் என்று வாய்விட்டு எண்ணுவார். அப்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. ரெஞ்சின் கைப்பிடிக்கு நேரே முகத்தை வைத்து நிற்கக் கூடாது. "கை போனா பரவால்ல, கண்ணு போனா யாருடா சோறு போடுவா? தள்ளி நில்லு மருமகனே" என்பார்.

ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகு கம்பியின் கனம் பார்ப்பார், சுருளை எண்ணுவார், எந்தப் பக்கம் சுற்றியது என்று பார்ப்பார். சுமை வரும்போது சுருள் இறுக வேண்டும், விரியக் கூடாது. அதனால் இடது பக்கத்து ஸ்பிரிங்கை வலது பக்கம் மாற்றிப் போட முடியாது. புதுசை மாட்டி, கிரீஸ் வைத்து, எண்ணிய கணக்குப்படி சுற்று வைத்து, போல்ட்டை இறுக்கிய பிறகு ஷட்டரைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பார். நின்றால்தான் கூலி வாங்குவார்.

இதில் எது படிக்காதவன் வேலை, சொல்லுங்கள்? நம் பட்டறையில் சொல்லிக் கொடுக்கும் பாதுகாப்பு விதிகளை அவர் எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றைக்கூட மீறிப் பார்த்ததில்லை.

நம் நோட்டில் இருப்பது

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். இங்கே பொருள்களின் வலிமை ஆய்வகத்தில் இழுவிசை ஸ்பிரிங், அமுக்கு ஸ்பிரிங் இரண்டுக்கும் சோதனை செய்து ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஆய்வக ஸ்பிரிங்கை அச்சின் வழியே இழுக்கிறோம் அல்லது அமுக்குகிறோம். அப்போது கம்பிக்குள் வருவது முறுக்குத் தகைவு. ஷட்டர் ஸ்பிரிங்கை அச்சைச் சுற்றி முறுக்குகிறோம். முறுக்குகிறோம் என்றாலும் கம்பிக்குள் வருவது வளைவுத் தகைவு! பெயரிலேயே முறுக்கு இருப்பதால் வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் பாதிப்பேர் தடுமாறிவிடுவோம்.

கணக்கைத் தொடர்வோம். புல்லியின் ஆரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 90 கிலோவுக்கு வேண்டிய திருப்புத்திறன் சுமார் 88 நியூட்டன் மீட்டர். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 44. கம்பி 8 மி.மீ. என்றால் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 880 நியூட்டன். மெல்லெஃகு 250-லேயே நெகிழ ஆரம்பித்துவிடும். ஆக, இது ஸ்பிரிங் எஃகு மட்டுமே தாங்கக் கூடிய சுமை. கடையில் கிடைக்கிற கம்பியைச் சுருட்டிப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

அடுத்தது, ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 8 மி.மீ. கம்பிக்குப் பதில் 7 மி.மீ. கம்பி போட்டால் என்ன ஆகும்? கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சுருளின் விட்டமும் எண்ணிக்கையும் அதேதான் என்றால் விறைப்பு 41 சதவீதம் குறைந்துவிடும். ஷட்டர் ஏறாது. "ஏறலையா? இன்னும் ரெண்டு சுத்து வை" என்று கடைக்காரர் சொல்வார். சுற்றுக் கூட்டி அதே எடையைத் தூக்க வைத்தால் கம்பியில் தகைவு 1,300-ஐத் தொடும். கொஞ்ச நாளில் உடையும்.

இதை ஒரு நாள் மாமாவிடம் சொன்னேன். விட்டத்தை நாலு தடவை பெருக்க வேண்டும் என்று சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அரை நூல் கொறஞ்சாலே தூக்காது மருமகனே. அது எனக்குத் தெரியும். ஏன்னுதான் இத்தனை வருஷமாத் தெரியாது" என்றார்.

நண்பர்களே, அவருக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்த அனுபவம் நம் நோட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்த எத்தனை பேர் ஷட்டர் ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

வயதை எதில் எண்ணுவது?

"நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு உடைஞ்சிருச்சு" என்பார்கள். திடீரென்று எதுவும் உடைவதில்லை. ஒரே சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஒரு தடவை தாங்கும் சுமையைவிடக் குறைந்த சுமையிலேயே உலோகம் களைத்து உடையும். ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1850களிலும் 1860களிலும் ரயில் அச்சுகளை வைத்துச் சோதனை செய்து காட்டியது இதைத்தான். அமெரிக்காவில் வீட்டுக் கார் நிறுத்தும் அறைக் கதவுக்கும் இப்படி முறுக்கு ஸ்பிரிங் உண்டு. அங்கே சாதாரண ஸ்பிரிங்கை 10,000 தடவை திறந்து மூடுவதற்கென்று கணக்கிட்டுச் செய்கிறார்கள்.

அந்தக் கணக்கை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மத்தியானமும் ராத்திரியும் மூடும் கடைக்கு நாளைக்கு இரண்டு தடவை, வருஷத்துக்கு 730. அப்படியானால் 10,000-ஐத் தொடப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். சரக்கு ஏற்றி இறக்கும் குடோனில் நாளைக்கு எட்டுத் தடவை என்றால் மூன்றரை வருஷம்கூட வராது. ஸ்பிரிங் ஒன்றுதான், வாழ்நாள் வேறு. மாமா போனவுடன் கேட்கும் இரண்டு கேள்விக்கும் காரணம் இதுதான்.

இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக உழைத்தவை. ஒன்று உடைந்தால் மற்றதும் களைத்துத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதுசு ஒரு பக்கம் அதிகமாக இழுக்கும், பழசு தளரும், ஷட்டர் சாய்ந்து சேனலில் உரசும். கொஞ்ச நாளில் பழசும் உடையும். அதனால் ஜோடியாக மாற்றுவதுதான் முறை. இது காசு பறிக்கும் தந்திரம் அல்ல.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்கக் கதவின் ஸ்பிரிங்கை மாற்றும் வீடியோக்கள் செல்போனில் நிறைய வருகின்றன. அங்கே ஸ்பிரிங்கின் முனையில் துளைகள் உள்ள கூம்பு இருக்கும். இரண்டு இரும்புக் கம்பிகளைத் துளையில் மாறி மாறிச் செருகிச் சுற்று வைப்பார்கள். கம்பிக்குப் பதில் ஸ்குரூ டிரைவரைச் செருகிக் கையை உடைத்துக்கொள்பவர்கள் அங்கேயும் உண்டு. நம் ஷட்டரின் அமைப்பே வேறு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஏணி போட்டு ஏறாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டும் ஏறாதீர்கள்! பக்கத்தில் தெரிந்தவர் நின்று கற்றுக்கொடுக்காமல் ஸ்பிரிங்கில் கை வைக்கக் கூடாது.

ஒரு கடையில் நடந்தது

போன வருஷம் எங்கள் பகுதியில் ஒரு கடையில் ஸ்பிரிங் உடைந்தது. மாமாவைக் கூப்பிட்டார்கள். ஜோடியாக மாற்ற வேண்டும் என்றார். "ஒண்ணுதானய்யா உடைஞ்சிருக்கு, ரெண்டுக்கு எதுக்குக் காசு?" என்றார் முதலாளி. கூலியிலும் பேரம். "அப்ப வேற ஆளைப் பாருங்கண்ணே" என்று மாமா வந்துவிட்டார். வேறொருவர் வந்து, உடைந்த ஸ்பிரிங்கையே வெல்டு வைத்து ஒட்டி மாட்டிவிட்டுப் போனார். புது ஸ்பிரிங் விலை மிச்சம் என்று முதலாளிக்குச் சந்தோஷம்.

கார்பன் அதிகமுள்ள ஸ்பிரிங் எஃகில் வெல்டு வைத்தால் என்ன ஆகும் என்று நாம் படித்திருக்கிறோம். சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். ஓரத்தில் மொறுமொறுப்பாகி விரிசல் விடும். ஒட்டினால் போல இருக்கும், சுமை தாங்காது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கடைப் பையன் ஷட்டரை ஏற்றும்போது வெல்டு விட்டது. பாதி ஏறிய ஷட்டர் அப்படியே இறங்கியது. அவன் வலது கையில் இரண்டு விரல் கீழ்த் தகட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் சிக்கி நசுங்கிப் போயின.

அவன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். வீட்டுக் கஷ்டத்தால் மேலே படிக்கவில்லை. நன்றாகப் படம் வரைவான். எங்கள் சயின்ஸ் ரெக்கார்டில் பாதிப்பேருக்கு அவன்தான் படம் போட்டுக் கொடுத்தான். முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். அதற்கப்புறம் வேறு பையனை வேலைக்கு வைத்துக்கொண்டார். இப்போது அந்த ஷட்டரில் புது ஸ்பிரிங், ஜோடியாக.

யார் குற்றம்? பேரம் பேசிய முதலாளியா? வெல்டு வைத்தவரா? இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் வெல்டு வைத்தவருக்கு அது தப்பு என்று சொல்லித் தர யாரும் இருந்ததில்லை. சொல்லித் தரப்பட்டவர்கள் நாம். வெப்பப் பதப்படுத்தல் பாடத்தில் கேள்வி வந்தால் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். பரீட்சை முடிந்ததும் பேப்பரோடு அது போய்விடுகிறது. நாம் வாழும் தெருவுக்கு அது வந்து சேருவதே இல்லை. என் வருத்தமெல்லாம் அதுதான்.

"படிச்ச பிள்ளை கிரீஸைத் தொடலாமா?"

நான் மாமாவோடு போவது அப்பாவுக்குப் பிடிக்காது. "நான் மூட்டை தூக்குறது நீ தூக்கக் கூடாதுன்னுதான். படிச்ச பிள்ளை கையில கிரீஸ் ஆகலாமா?" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோளில் காய்ப்பு விழுந்தவர் மகனின் கை மெத்தென்று இருக்க ஆசைப்படுவது தப்பா? முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எல்லா நண்பர்களின் வீட்டிலும் இந்தப் பேச்சு இருக்கும்.

ஆனால் அப்பாவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். கிரீஸ் படுவது கேவலம் என்று நினைக்க ஆரம்பித்தால், கிரீஸ் பட்ட கையோடு இருப்பவர்களும் கேவலம் என்று நினைக்க ஆரம்பித்துவிடுவோம். அப்புறம் நாளைக்கு நாம் சூப்பர்வைசராக நிற்கும்போது, "ஜோடியாக மாத்தணும் சார்" என்று ஒரு மெக்கானிக் சொன்னால் நாமும் அந்த முதலாளி மாதிரிதான் பேசுவோம். டிப்ளமோ என்பது வரைபடத்துக்கும் வேலைக்காரருக்கும் நடுவில் நிற்பதற்கான படிப்பு. ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் தெரிந்தால் நடுவில் நிற்க முடியாது.

"இப்பதான் ரிமோட்டை அழுத்தினா ஷட்டர் ஏறுதே, ஸ்பிரிங் எல்லாம் பழசாச்சே" என்று சிலர் சொல்லலாம். பல கடைகளில் பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் மோட்டார் சேர்க்கிறார்கள். அங்கே எடையைச் சமன் செய்வது இன்னமும் ஸ்பிரிங்தான். அது களைத்தால் மோட்டாரும் போகும். மேலும், மோட்டார் வைக்க வசதியில்லாத ஆயிரம் கடைகளில் ஷட்டரை ஏற்றப்போவது நம் தம்பிமார்கள்தானே?

வேறு சிலர், "மெக்கானிக் வேலையை நாம செஞ்சா அவங்க பிழைப்பு என்னாவது?" என்பார்கள். அவர்கள் வேலையைப் பிடுங்கச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு மதிப்பையும் பாதுகாப்பையும் சேர்க்கச் சொல்கிறேன். கணக்கு தெரிந்தவன் பக்கத்தில் நின்று, "இவர் சொல்வதுதான் சரி, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, வெல்டு வைக்கக் கூடாது" என்று சொன்னால் கடைக்காரர் கேட்பார். இருபத்தைந்து வருஷ அனுபவம் சொன்னால் கேட்காதவர், ஒரு டிப்ளமோ சொன்னால் கேட்கிறார். அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைக்கூட நல்லதுக்குப் பயன்படுத்தலாமே!

நாம் செய்யக் கூடியவை

வெறும் பேச்சோடு முடிக்க விரும்பவில்லை. நம் பேரவைக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன். எதற்கும் பெரிய செலவு கிடையாது.

முதலாவது, பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன ஷட்டரின் பைப், புல்லி, ஸ்பிரிங் வாங்கி நம் ஆய்வகத்தில் மாட்டி வைக்கத் துறைத்தலைவர் ஐயாவிடம் அனுமதி கேட்போம். எடை கட்டி, எத்தனை சுற்றுக்கு எவ்வளவு திருப்புத்திறன் என்று அளந்து வரைபடம் போடலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கே இது போதும். விலைக்கு வாங்கிய புராஜெக்டைவிட இது எவ்வளவோ மேல். பாதுகாப்புக் கூண்டு ஒன்றை நம் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு நாள் நகரில் உள்ள ஷட்டர் மெக்கானிக்குகளைக் கல்லூரிக்கு அழைப்போம். அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்து நாம் பாடம் நடத்துவதற்கு அல்ல. காலையில் அவர்கள் செய்து காட்டட்டும், நாம் பார்ப்போம். மத்தியானம் கம்பி விட்டக் கணக்கையும் வெல்டு விஷயத்தையும் நாம் சொல்வோம். அன்றைய கூலி அவர்களுக்குப் போய்விடக் கூடாது. சிறப்பு விருந்தினருக்கு மாலையும் சால்வையும் வாங்கும் காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும். பலரிடம் நலவாரிய அட்டைகூட இல்லை. அதற்கு மனு எழுதிக் கொடுக்கவும் அன்றைக்கே ஒரு மேஜை போடலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு ஷட்டரின் மேல் பெட்டிக்கு உள்பக்கத்தில் பெயின்டால் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கத்தை ஆரம்பிப்போம். ஸ்பிரிங் போட்ட தேதி, கம்பி விட்டம், சுருள் எண்ணிக்கை, வைத்த சுற்று. இவ்வளவுதான். அடுத்து வருபவர் கையை உள்ளே விடுவதற்கு முன்பே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாமாவின் கடைகளில் இந்த வேலையை நான் ஆரம்பித்துவிட்டேன். இதுவரை ஒன்பது ஷட்டர். எழுத்து என்னுடையது, எண்கள் அவருடையது.

கடைசியாக, கடை வைத்திருக்கும் வீட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு ராத்திரி கடை மூடும்போது ஷட்டரைப் பாதியில் நிறுத்தி, கீழே கை கால் வைக்காமல், நிற்கிறதா என்று பாருங்கள். தானாக இறங்கினால், ஒரு பக்கம் சாய்ந்தால், போன மாதத்தைவிடக் கனமாகத் தெரிந்தால், ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று அர்த்தம். உடையும்வரை காத்திருக்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஜோடியாக மாற்றுங்கள். அவர் கேட்கும் கூலி அரை நாள் வேலைக்கு மட்டும் அல்ல, அவர் கண் முன்னால் நிற்கும் ஆபத்துக்கும் சேர்த்துத்தான் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நண்பர்களே! சில மாதங்களில் நம் கையில் பட்டயம் வந்துவிடும். எங்கள் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்ட இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். மாட்டட்டும். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பட்டயத்தால் நம் தெருவில் ஒரு பையனின் விரல் தப்பித்தது என்று ஒருவராவது சொன்னால், படிக்க வைத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய கைமாறு இல்லை.

சிந்திப்போம்! சேர்ந்து செய்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை